கிளி குளிக்கும்போது நான் வெளியே

நவம்பர் 3, ஞாயிறு

எனக்குக் கோபமே வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஆலோசனை மையத்தில் செலின் மேடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். "சார், கோவம் வந்தா வாயைத் திறக்காதீங்க. தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. நாங்க யாரும் படிக்க மாட்டோம்." யாரும் படிக்காததை எதற்கு எழுதவேண்டும் என்று கேட்டேன். என் மனைவி மேகலை அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளோ என்னவோ.

சரி. என் பெயர் திருஞானம். திருச்சியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கீழே ஆபீஸ், மேலே வீடு. வீடு என் உழைப்பில் கட்டியது. அந்த வீட்டிலிருந்து இன்று காலை என்னை வெளியே அனுப்பினார்கள். ஏன்? கிளி குளிக்கவேண்டுமாம்.

இரண்டு காக்கட்டீல் கிளிகள். மகள் மதிவதனி ஆசைப்பட்டாள் என்று நான்தான் வாங்கிக்கொடுத்தேன். சாம்பல் நிற உடம்பு, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் ஒரு கொண்டை. ஆண் காராசேவு, பெண் பூந்தி. பெயர் வைத்தது மதி. அவளுக்குப் பத்து வயது.

தீபாவளிக்கு முன்பு மேகலை மதியை அழைத்துக்கொண்டு லால்குடியில் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். என்ன நடந்தது, என்ன நடந்தது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. டிவி ரிமோட்டைக் காணோம் என்று கொஞ்சம் சத்தம் போட்டேன். அப்போது கிளிக்கூண்டு கீழே விழுந்தது. காராசேவுக்கு இறக்கையில் லேசாக அடிபட்டது. அவ்வளவுதான். இதற்கு ஒருத்தி பெட்டியைக் கட்டுவாளா?

மாமனாருக்கு வீசிங். இந்தக் கிளிகளின் உடம்பிலிருந்து பவுடர் மாதிரி தூசி பறக்கும் என்பதால் அங்கே கொண்டுபோக முடியவில்லை. அதனால் கிளிகள் என்னோடு. தினையும் தண்ணீரும் நான் வைக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவும் மகளும் பஸ் ஏறி வந்து கிளிகளைக் குளிப்பாட்டிக் காயவைத்துவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்கக்கூடாது. இது மேகலை போட்ட நிபந்தனை.

"நீங்க இருந்தா அதுங்க குளிக்காது" என்றாள்.

"ஏன், நான் என்ன பூனையா?"

"கீழ ஆபீஸ்லயும் வேணாம். நீங்க போன் பேசினா மேல கேக்குது."

நான் போய் ஜப்பார் பாய் டீக்கடையில் உட்கார்ந்தேன். அவர் கிளாஸை நீட்டிக்கொண்டே, "என்ன சார், வீட்ல இன்னிக்கும் கிளி குளிக்குதா?" என்று கேட்டார். யார் சொன்னது இந்த ஆளுக்கு? பெஞ்சில் இருந்த இரண்டு பேர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 4, திங்கள்

கூண்டைச் சுற்றி இரண்டு முழத்துக்குத் தினை இறைத்து வைத்திருந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை. மனதுக்குள் மட்டும் சொன்னேன்.

நவம்பர் 6, புதன்

என்னிடம் வண்டி பழகும் பத்மபிரியா மேடம் மேம்பாலம் ஏறும்போது வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது. கிளட்ச்சை விடுங்க, கிளட்ச்சை விடுங்க என்று கத்தினேன். கத்தாமல் தாலாட்டா பாடுவார்கள்? அந்த அம்மா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். பேங்கில் மேனேஜராக இருப்பவர். காதைப் பொத்திக்கொண்டு வண்டி ஓட்டுகிறவரை இந்தப் பதினெட்டு வருடத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.

அந்த எரிச்சலோடு மாடிக்கு வந்தால், இந்தக் கிளிகள். நான் கதவைத் திறந்ததும் இரண்டும் கூண்டின் கடைசி மூலைக்குப் போய்விட்டன. கொண்டை அப்படியே தலையோடு படிந்து ஒட்டிக்கொண்டது. காராசேவு பாம்பு மாதிரி சீறியது. தினை வாங்கிப் போடுகிறவன் நான். வாரத்தில் ஒரு நாள் வந்து தண்ணீர் தெளிப்பவர்களுக்குக் கொண்டை ஆகாயத்துக்கு நிற்கும், எனக்குச் சீறலா?

மேகலை பழக்கிவிட்டிருக்கிறாள். வேறென்ன.

நவம்பர் 10, ஞாயிறு

பழைய கதைதான். பத்து மணிக்கு அவர்கள் உள்ளே, நான் வெளியே. உள்ளே போகும்போது மதி என்னைப் பார்த்து, "வரோம்பா" என்றாள். வந்துதான் ஆகிவிட்டதே, இதென்ன விருந்தாளி மாதிரி என்று கேட்டேன். அம்மாவின் பின்னால் போய் நின்றாள்.

டீக்கடைக்கு இனி போவதில்லை என்று பைக்கில் சும்மா சுற்றினேன். மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டு எத்தனை நேரம் சுற்றுவது? என் சொந்த ஆபீஸில் உட்கார எனக்கு யார் அனுமதி வேண்டும்? வந்தேன். போனை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தேன்.

மேலே ஹாலில்தான் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மழை இல்லாவிட்டால் பால்கனியில் செய்வார்கள். தாம்பாளம் நகரும் சத்தம் கேட்டது. ஸ்ப்ரே பாட்டில் புஸ் புஸ் என்றது. கிளிகள் விசில் அடித்தன. அதோடு சிரிப்பு. மதி மூச்சு வாங்கச் சிரித்தாள். "அம்மா, உன் மூக்கு மேல உக்காந்துட்டான், உன் மூக்கு மேல!" மேகலையும் சிரித்தாள். மேகலைக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறதா என்ன? கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகிறது, எனக்குத் தெரியாது.

என்னதான் அப்படி நடக்கிறது என்று பார்க்க மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் சிரிப்பு நின்றுவிட்டது. கதவைத் திறந்தபோது தண்ணீர் சொட்டும் சத்தம்தான் இருந்தது. மதி தேங்காய்ப்பூத் துண்டில் பூந்தியைச் சுற்றி மார்போடு பிடித்திருந்தாள். காராசேவு கர்ட்டன் கம்பியின் மேல் போய் உட்கார்ந்திருந்தது.

"என்ன சிரிப்பு?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள் மதி.

"ஒண்ணுமில்லாமயா அப்படிச் சிரிச்சீங்க?"

மேகலை தாம்பாளத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். "குளிச்சாச்சு. நாங்க கெளம்புறோம்." பூந்தி இன்னும் நனைந்துதான் இருந்தது. கூண்டில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

சொந்த வீட்டில் சிரிப்புக்குக் காரணம் கேட்டால் தப்பா? இன்று எனக்கு உண்மையிலேயே கோபம். செலின் மேடம், குறித்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 13, புதன்

மையத்துக்குப் போனோம். நான் நேராகவே கேட்டேன். எத்தனை நாள் இந்தக் கூத்து? மனைவியும் பிள்ளையும் எப்போது வீட்டுக்கு வருவார்கள்? எனக்கு ஒரு பதில் வேண்டும்.

செலின் மேடம் மேகலையைப் பார்த்தார். மேகலை மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அப்புறம் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கிளி உங்க முன்னாடி குளிக்கட்டுங்க. உங்க கையில வந்து உக்காந்து, பயப்படாமக் குளிக்கட்டும். அன்னிக்கு நானும் மதியும் வர்றோம்."

"வர்றேன்னு சொன்னியே, பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

"மேகலை, இதைக் கொஞ்சம் யோசிச்சு..." என்று செலின் மேடம் இழுத்தார். நான் விடவில்லை. சாட்சி மேடம்தான் என்றேன். குளிப்பாட்டும் முறையைச் சொல்லு என்றும் கேட்டேன். மேகலை என் முகத்தைப் பார்க்காமல் ஒப்பித்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். சோப்பு கூடாது. முகத்தில் நேராக அடிக்கக்கூடாது, மேலேயிருந்து மழை மாதிரி விழவேண்டும். ஃபேன் கூடாது. ஹேர் டிரையர் போடவே கூடாது. வெயிலில் விட்டால் அதுவே இறகைக் கோதிக் காயவைத்துக்கொள்ளும்.

ஒரு கிளியைக் குளிக்கவைக்க எனக்குத் தெரியாதா? ஆயிரம் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

தெரியவில்லை.

கூண்டைத் திறந்தேன். இரண்டும் பறந்து கர்ட்டன் கம்பிக்குப் போய்விட்டன. கீழேயிருந்து ஸ்ப்ரே அடித்தேன். வீடு நனைந்தது. கிளி நனையவில்லை. இறங்கு, இறங்குடா என்றேன். காராசேவு அங்கிருந்தே கழித்தது, நேராக என் சட்டைமேல். அதன்பிறகு நான் சொன்னதையெல்லாம் இங்கே எழுதமுடியாது. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

நவம்பர் 15, வெள்ளி

கத்தினால் வராது என்பது எனக்கே தெரியும். பிரச்சினை என்னவென்றால் எனக்கு வேறு குரல் இல்லை. டீசல் வண்டியில் உட்கார்ந்து பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆகிவிட்டது. மெதுவாகப் பேசலாம் என்று உட்கார்ந்தால் பேசுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. கிளியிடம் என்ன பேசுவது? சௌக்கியமா என்றா?

கடைசியில் வகுப்பில் சொல்வதையே தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்த்தேன். "எப்பவும் இடது பக்கம் போகணும். திரும்பறதுக்கு முன்னாடி கண்ணாடியப் பாக்கணும். பள்ளிக்கூடம் இருந்தா ஹாரன் அடிக்கக் கூடாது." பூந்தி கம்பியில் இரண்டடி நகர்ந்து வந்து தலையைச் சாய்த்துக் கேட்டது. பாதையில் யார் முதலில் போகவேண்டும் என்பதை விளக்கும்போது அதன் கொண்டை கொஞ்சம் எழுந்தது. என் மாணவர்கள் யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

காராசேவு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு அவ்வளவு திமிர்.

நவம்பர் 16, சனி

ரசத்துக்குப் போட வாங்கிய கொத்தமல்லிக் கட்டைக் கழுவித் தட்டில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் பூந்தி அதன் மேல் உட்கார்ந்து, ஈரத் தழையில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அசையாமல் நின்றேன். ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது. அசையவில்லை. இப்படி ஒரு காரியத்துக்காக நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது இதுதான் முதல் தடவை.

நாளை ஞாயிறு. அவர்கள் வரும்போது நான் வெளியே போகமாட்டேன். கையில் கிளியோடு வாசலில் நிற்பேன்.

நவம்பர் 17, ஞாயிறு

மதிக்குக் காய்ச்சல், வரமுடியவில்லை என்று மேகலை காலையில் செய்தி அனுப்பியிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனையும் தயாராக வைத்திருக்கிறேன், இன்றைக்கா காய்ச்சல் வரவேண்டும்? போன் செய்தேன். எடுக்கவில்லை. போகட்டும், நானே செய்துவிட்டு அடுத்த ஞாயிறு அவர்களுக்கு நேரில் காட்டுகிறேன் என்று இறங்கிவிட்டேன்.

எழுதக் கை பரபரக்கிறது. பூந்தி குளித்தது. என் கையில் குளித்தது.

தாம்பாளத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் கொத்தமல்லி. இடது பக்கம் போகணும், கண்ணாடியப் பாக்கணும் என்று சொல்லிக்கொண்டே விரலை நீட்டினேன். வந்து ஏறியது. அதன் கால் நகம் சுரீர் என்றது, நான் ஒன்றும் சொல்லவில்லை. விரலோடு மெல்லத் தண்ணீருக்கு இறக்கினேன். முதலில் மூக்கை விட்டுப் பார்த்தது. அப்புறம் பாருங்கள், இறக்கையை விரித்து, அடித்து, புரண்டு, என் சட்டை, கண்ணாடி, மூஞ்சி எல்லாம் தண்ணீர். நான் சிரித்துவிட்டேன். சத்தமாகவே சிரித்தேன். அது பறந்துபோகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பறந்துபோகவில்லை.

நனைந்ததும் ஆளே பாதியாகிவிட்டது. தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றினால் கைக்குள் வெடவெடவென்று நடுங்குகிறது. வெளியே நசநசவென்று மழை, வெயில் என்ற பேச்சே இல்லை. ஃபேன் கூடாது, டிரையர் கூடாது. மேகலை போனை எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

மதி கைக்குழந்தையாக இருந்தபோது தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணி காட்டுவார்கள். மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் துணியைப் போட்டு, வடிகட்டிய மாதிரி வரும் புகையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். அந்த ஒரு வேலையை மட்டும் என்னிடம் கொடுப்பார்கள். மற்ற நேரம் என்னைக் கண்டாலே வீறிடுகிறவள், அந்தப் புகையில் என் கையிலேயே தூங்கிப்போவாள். குளிர்ந்த தலை என் உள்ளங்கையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகும். சளி பிடிக்காது, உடம்புக்கு நல்லது.

பூஜை அலமாரியில் கப் சாம்பிராணி இருந்தது. இரண்டைக் கொளுத்தினேன். சாரல் அடிக்கிறதென்று படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, கதவையும் சாத்தினேன். கூடையைக் கவிழ்த்து, துணி போட்டு, பூந்தியை அதன் மேல் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. கண்ணை மூடிக்கொண்டது. மதி மாதிரியே. இறகு நன்றாகக் காயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். காராசேவையும் பிடிக்கலாம் என்று ஹாலுக்குப் போனால், அது கம்பியை விட்டு இறங்கவே இல்லை. கெட்டுப்போ என்று விட்டுவிட்டேன்.

வீடே கோயில் மாதிரி மணக்கிறது. இன்று கோபம் இல்லை.

நவம்பர் 18, திங்கள்

காலையில் பார்த்தால் பூந்தி கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அடித்தது. காராசேவையும் சேர்த்துக் கூண்டோடு தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு ஆடு, இரண்டு நாய். வழிவிடுங்கய்யா என்று கத்தினேன். நாய்க்காரன் பதிலுக்குக் கத்தினான். டாக்டர் எழுந்து வந்து கூண்டைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டுவிட்டார். சின்ன வயசுப் பெண் டாக்டர்.

"நேத்து என்ன பண்ணீங்க சார்? புதுசா ஏதாவது?"

"குளிப்பாட்டினேன். சாம்பிராணி காட்டினேன்."

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். "ரூமுக்குள்ளயா? ஜன்னல்லாம்?"

"சாத்தியிருந்தேன். குளிருமேன்னு."

"சார், இதுங்களுக்கு எந்தப் புகையும் ஆகாது. கடுகு கருகினாக்கூட ஆகாது. ரொம்பச் சின்ன உடம்பு, மூச்சுப்பை அப்படி."

"அப்ப நடுங்குச்சே? குளிர்லதான நடுங்குச்சு?"

"நனைஞ்சா நடுங்கும் சார். நடுங்கித்தான் சூடு பண்ணிக்கும். சும்மா விட்டிருந்தா அதுவே காஞ்சிருக்கும்."

ஊசி போட்டார். ஆக்சிஜன் வைத்தார். அப்படியே காராசேவையும் வெளியே எடுத்துப் பார்த்தார். இடது இறக்கையை விரித்து, "இது உடைஞ்சு சேர்ந்திருக்கே, என்னாச்சு?" என்று கேட்டார். வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றேன். அவர் சீட்டில் என்னவோ எழுதிக்கொண்டார்.

பூந்தி மதியம் வரை இருந்தது. துண்டில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. கொண்டை படியவில்லை, சீறவில்லை. இந்த நிலையிலும் என்னைக் கண்டு பயப்படவில்லை. அதற்கப்புறம் வால் அடிப்பது நின்றுவிட்டது.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இந்த நோட்டு போதாது. சோப்பு கூடாது, ஃபேன் கூடாது, டிரையர் கூடாது என்று இவ்வளவு சொன்னவள், புகை கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னாளா? போனையாவது எடுத்தாளா? அந்தச் சாம்பிராணி டப்பாவில் ஒரு வரி போட்டிருக்கிறானா? நடுங்கினால் நல்லது என்று எவனுக்குத் தெரியும்? நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்த மனுஷனால் முடியும்? என்னை நம்பி விரலில் ஏறி வந்தது செத்துப்போனது. நம்பாமல் கம்பியில் உட்கார்ந்திருந்தது உயிரோடு இருக்கிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

நவம்பர் 19, செவ்வாய்

வகுப்பு எல்லாவற்றையும் ரத்து செய்தேன். முருங்கை மரத்தடியில் குழி தோண்டினேன். மண் ஈரமாக இருந்தது.

நவம்பர் 21, வியாழன்

பத்மபிரியா மேடம் வேறு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். போகட்டும்.

மதிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, ஞாயிறு வருகிறோம் என்று மேகலையிடமிருந்து செய்தி. சரி என்று மட்டும் அனுப்பினேன். கிளி வாங்கிய கடையில் போய் நின்றேன். அச்சு அசலாகப் பூந்தி மாதிரியே ஒன்று இருந்தது. கடைக்காரர், "புள்ளைக்குத் தெரியவே தெரியாது சார், எத்தனை பேர் இப்படி வாங்கிட்டுப் போறாங்க" என்றார். என் பிள்ளையை என்ன நினைத்தாய் என்று அவர் மேல் பாய்ந்துவிட்டேன். பாதி வழி வந்தபிறகுதான், அவர் சொன்னதை நானே யோசித்துக்கொண்டுதான் கடைக்குள் போனேன் என்பது நினைவுக்கு வந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

விடிந்ததிலிருந்து பேசிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "சாம்பிராணி காட்டக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று முதலில் மேகலையிடம் கேட்டுவிடுவது. அவள் பதில் சொல்வதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுவது. இந்த வரிசைதான் சரி என்று வைத்திருந்தேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். காய்ச்சலில் மதி இளைத்துப்போயிருந்தாள். நான் வெளியே போகாமல் ஹாலிலேயே நின்றதைப் பார்த்துத் தயங்கினாள். அப்புறம் கூண்டைப் பார்த்தாள். காராசேவு மட்டும் இருந்தது. இன்னொன்று எங்கே என்று அவள் கர்ட்டன் கம்பியைப் பார்க்கவில்லை, பால்கனியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"சாரிப்பா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நான்தாம்பா. அன்னிக்கு மழையில வந்தப்ப பூந்தியச் சரியாத் துவட்டல. ஈரத்தோட கூண்டுல விட்டுட்டேன். அதான் அதுக்கு... சாரிப்பா. இனிமே பண்ண மாட்டேம்பா." கை இரண்டையும் பாவாடையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

மேகலை வந்து அவளுக்கு முன்னால் நின்றாள். "தெரியாமப் பண்ணிட்டா, விடுங்க. காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச புள்ள. எதா இருந்தாலும் என்னைச் சொல்லுங்க."

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. பூந்திக்கு என்ன ஆயிற்று என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அதற்குள் ஒருத்தி மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, இன்னொருத்தி குறுக்கே வந்து நின்றாகிவிட்டது. இதெல்லாம் இவர்களுக்கு எவ்வளவு பழக்கம் என்று பார்த்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது. இந்தத் தடவை அது போய் விழுவதற்கு எதிரில் ஆள் இல்லை.

"நான்தான் கொன்னேன்!" என்றேன்.

அதுவும் கத்தலாகத்தான் வந்தது. மதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காராசேவு கூண்டில் மோதிச் சிறகடித்தது.

தரையில் உட்கார்ந்தேன். முடிந்தவரைக்கும் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். கொத்தமல்லி, தாம்பாளம், என் விரலில் ஏறியது, துண்டு, சாம்பிராணி, ஜன்னலைச் சாத்தியது. சாம்பிராணி என்றதும் மேகலை வாயைப் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மடியில் வைத்திருந்தது, முருங்கை மரம் எல்லாம் சொன்னேன். மதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லப்பா" என்றாள் முடிவில். "நான் துவட்டாததுனால அப்பவே அதுக்குச் சளி புடிச்சிருக்கும். நீங்க ஒண்ணும் பண்ணலப்பா."

"இல்லடா, நான்தான். டாக்டரே சொன்னாங்க."

"சரிப்பா."

"உன் மேல தப்பே இல்ல. நெசமாச் சொல்றேன்."

"சரிப்பா, சரிப்பா" என்று வேகமாகத் தலையாட்டினாள். நான் பேச்சை நிறுத்தினால் போதும் என்று ஆட்டினாள்.

மேகலை சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். "என் கையில குளிச்சுது மேகலை" என்றேன். "பயப்படவே இல்ல. சத்தியமா."

"நான் அன்னிக்குக் கோவத்துல ஏதோ சொல்லிட்டேங்க. கிளிய வெச்சு முடிவு பண்ற விஷயமா இது?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "லால்குடி ஸ்கூல்ல மதிக்கு எடம் கேட்டிருக்கேன். தர்றேன்னுட்டாங்க."

பேச்சு மாறமாட்டேன் என்றாயே என்று தொண்டை வரை வந்துவிட்டது. மதி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கிக்கொண்டேன்.

மேகலை எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். காராசேவு குளித்து இரண்டு வாரமாகிவிட்டதே. மதி ஸ்ப்ரே பாட்டிலைத் தேடி எடுத்துக் கழுவினாள். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். என் பக்கத்தில் வந்து, ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, என் தோளைத் தொட்டாள்.

"அப்பா, நீங்க பாவம்பா" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இப்ப நாங்க குளிப்பாட்டணும். நீங்க வெளிய போயிடுவீங்கல்ல?"

"போறேம்மா" என்றேன்.

எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படி இறங்கினேன்.